நீளம் பார்க்காத பெட்டி

பிரதாப்பை எனக்குப் பிடிக்காது. அவனுக்கும் என்னைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாவண்யா வன்மத்தில் பேசுகிறாள் என்று பின்னால் யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வன்மம் இருந்தது, நிறையவே இருந்தது. அதனால் நான் சொன்னது பொய்யாகிவிடாது.

ஓசூர் சிப்காட்டில் பவர் பிரஸ்ஸுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து விற்கிற கம்பெனியில் நாங்கள் இருவரும் புரோகிராமர்கள். பவர் பிரஸ் என்பது அச்சின் மேல் தகட்டை வைத்தால் மேலிருந்து இரும்புத் தலை இறங்கி ஒரே அடியில் வெட்டிக் கொடுக்கிற இயந்திரம். அந்தத் தலை எப்போது இறங்கலாம், எப்போது இறங்கக் கூடாது என்று சொல்வது எங்கள் பெட்டி. இரண்டு பக்கமும் இருக்கிற இரண்டு பொத்தானை இரண்டு கையாலும் ஒன்றாக அழுத்தினால்தான் தலை இறங்க வேண்டும். கை இரண்டும் பொத்தானில் இருக்கும்போது அச்சுக்குள் நீட்ட யாருக்கும் மூன்றாவது கை கிடையாது. அவ்வளவுதான் பாதுகாப்பு, அது போதும்.

பழைய பெட்டியில் பொத்தானிலிருந்து, தலையை இறக்கிவிடுகிற கிளட்ச்சுக்கு நேராக வயர் போகும். 2007இல் புதுப் பெட்டி போட்டபோது செலவைக் குறைக்கிறோம் என்று அந்த வயரை எடுத்துவிட்டு, பொத்தான் அழுத்தப்பட்டதா என்ற செய்தியைச் சின்ன கம்ப்யூட்டர் சிப் ஒன்றின் நினைவில் வைத்தார்கள். அதே சிப்தான் பெட்டியின் முகப்பில் இருக்கும் திரையிலும் எழுத்து காட்ட வேண்டும். பொத்தான் பகுதியை நான் எழுதினேன். திரையை ஓட்டுகிற நிரலை, எங்கள் பேச்சில் டிரைவரை, பிரதாப் எழுதினான். தினமும் பெங்களூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவான். கர்நாடக எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளியைத் தாண்டி வந்தவர்களுக்கு மட்டும்தான் மூளை உண்டு என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

அவன் எழுதிய சி நிரலை எல்லோரும் உட்கார்ந்து பார்த்த அன்றே நான் சண்டை போட்டேன். திரைக்கு ஒரு செய்தி வரும்போது அதன் நீளமும் கூடவே வரும். அந்த நீளம் என்ன சொல்கிறதோ அந்த அளவுக்கு நினைவில் அப்போதைக்கு ஓர் இடத்தை வெட்டிக்கொள்கிற மாதிரி எழுதியிருந்தான். வருகிற விருந்தாளி எத்தனை பேர் என்று கேட்டு அத்தனை பாய் விரிப்பது போல. நல்ல பழக்கம்தான், வீடு பெரிதாக இருந்தால். எங்கள் சிப்பின் நினைவு ஒற்றை அறை. நடுவில் சுவரும் கிடையாது. பாய் அதிகமானால் பக்கத்தில் இருப்பதன் மேல் விரிந்துவிடும். யாரும் சத்தம் போட மாட்டார்கள். பக்கத்தில் இருந்தது என் பொத்தான் செய்தி.

இவ்வளவுக்கு மேல் வந்தால் வாங்காதே என்று ஒரு உச்ச அளவு வை, அந்த அளவுக்கு நிரந்தரமாக ஒரு இடம் ஒதுக்கு, மிச்சத்தை வெட்டிப்போடு, இரண்டு வரி வேலை என்றேன். சி மொழியின் புது ஸ்டாண்டர்டில் இதற்கு அனுமதி இருக்கிறது, படித்துப் பார் என்றான். அனுமதி இருக்கிறது என்பதற்காக ரயில் பாதையில் படுப்பாயா என்றேன். திரையில் வரப்போகிற செய்தி எதுவும் முப்பது எழுத்தைத் தாண்டாது, இந்த அம்மாவுக்கு எதைக் கண்டாலும் பயம், இவர்களுக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது என்று மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தான். எங்கள் மேனேஜர் ராஜசேகர் கடிகாரத்தைப் பார்த்தார். பிரதாப் எழுதியபடியே இருக்கட்டும் என்று முடித்துவிட்டார்.

ராஜசேகரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் தமிழ்ப் பற்றாளர். ஓசூரில் அது சும்மா வருவதில்லை. கடைப் பலகை கன்னடத்திலும் தெலுங்கிலும் இருக்கும்; பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் எந்தப் பாஷையில் ஆரம்பிப்பது என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கும்; அந்த ஊரில் தமிழை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவருக்கு ஒரு வைராக்கியம். பெட்டியெல்லாம் சோதித்து முடிந்த பிறகு, திரையில் தமிழும் வர வேண்டும் என்றார். வரட்டும், நல்லதுதான். மொழிபெயர்ப்பை அவரே செய்தார். எண்ணெய் குறைந்தால் ஆங்கிலத்தில் 'லோ ஆயில்' என்று இரண்டே சொல் வரும். அதற்கு ராஜசேகர் எழுதியது இது: இயந்திரத்தின் மசகு எண்ணெய் அளவு குறைந்துள்ளது, தயைகூர்ந்து மேற்பார்வையாளரிடம் தெரிவித்து எண்ணெய் நிரப்பிய பின்னர் தங்கள் பணியைத் தொடருங்கள்.

கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. யாரும் அதைத் திரும்பச் சோதிக்கவில்லை. மொழியை மாற்றினால் இயந்திரத்துக்கு என்ன என்று பிரதாப் கேட்டானாம். அன்று நான் விடுப்பில் ஊரில் இருந்தேன். இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மத்திகிரி பக்கம் சென்னகிருஷ்ணன் என்பவருடைய பிரஸ் ஷெட்டுக்கு எங்கள் பெட்டிகள் வரிசையாகப் போயின. அங்கே முனிலட்சுமி என்ற பெண்ணின் வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

தகவல் எங்களுக்கு வந்தபோதே தீர்ப்போடுதான் வந்தது. அவள் ஒரு பொத்தானை டேப் போட்டு ஒட்டிவிட்டு ஒற்றைக் கையால் வேலை செய்திருக்கிறாள், சூப்பர்வைசர் பார்த்திருக்கிறார். வேகம் கூட்டுவதற்காக அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. அதனால் கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். வெள்ளிக்கிழமை ஷெட்டில் விசாரணை. அவள் மேல் தப்பு என்று முடிவானால் வேலை போகும். அதோடு விடாது. பொத்தானுக்கு டேப் ஒட்டினவள் என்ற பெயர் சிப்காட் முழுக்கப் பரவும். மூன்று விரல் கையோடு அந்தப் பெயரையும் சுமந்துகொண்டு எந்த வாசலில் போய் நிற்பாள்.

அந்தப் பெட்டியைக் கழற்றி எங்கள் லேபுக்குக் கொண்டுவந்தார்கள். பிரதாப் அதை ஆங்கிலத்தில் வைத்து ஒரு பகல் முழுக்க ஓட்டினான். ஒழுங்காக ஓடியது. குறை எதுவும் இல்லை என்று எழுத உட்கார்ந்தான். அந்தப் பெண் திரையை எந்த மொழியில் வைத்திருந்தாள் என்று கேட்டேன். அது எதற்கு என்றான். விரல் போனது எந்த மொழியில் என்று கேட்கிறாயா என்று பக்கத்து மேசைக்காரனிடம் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அங்கேயே அறைந்திருக்கலாம். அறையவில்லை, டவுன் பஸ் பிடித்து மத்திகிரிக்குப் போனேன்.

கால்நடைப் பண்ணையைத் தாண்டி, ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை அறைகளில் ஒன்றில் முனிலட்சுமி இருந்தாள். வேப்பனப்பள்ளிக்காரி. வீட்டில் தெலுங்கு, படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு கதவை மறித்து நின்றாள். பெட்டி செய்கிற கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் இறுகிவிட்டது.

"டேப்பு ஒட்டுனேன்னு கையெளுத்து வாங்க வந்தீங்களா? கையெளுத்துப் போடற கையத்தான் உங்க பொட்டி தின்னுடுச்சே."

கையெழுத்து வேண்டாம், ஒரே ஒரு கேள்வி என்றேன். உங்கள் கேள்வியெல்லாம் எனக்குத் தெரியும், சூப்பர்வைசர் கேட்டான், முதலாளி கேட்டார், எல்லாரும் பொத்தானைப் பற்றித்தான் கேட்டார்கள் என்றாள். நான் திரையைப் பற்றிக் கேட்டேன். உள்ளே கூப்பிடவில்லை. ஆனால் கதவைச் சாத்தவும் இல்லை.

ஷெட்டில் மற்றவர்கள் யாரும் அந்தத் திரையைப் படிப்பதில்லையாம். விளக்கின் நிறத்தைப் பார்த்து வேலை செய்வார்கள். தனக்குப் படிக்க வரும், அதனால் வந்த நாள் முதல் தமிழில்தான் வைத்திருப்பேன் என்றாள். தகட்டை எடுத்து அச்சுக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது. திரையைப் பார்த்தாள்.

"எண்ணென்னு என்னமோ நீளமா வந்துச்சுங்க. முளுசாப் படிக்கறதுக்குள்ள மேல இருந்து எறங்கிடுச்சு."

சொல்லிவிட்டு என்னை முறைத்தாள். நான் அழுவேன் என்று நினைத்தாளோ என்னவோ. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. படிக்கத் தெரிந்ததால் விரல் போனவளை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை பிரதாப்பின் மேசைக்கு முன்னாலேயே பெட்டியை வைத்து, திரையைத் தமிழுக்கு மாற்றி, எண்ணெய் குறைந்தது போல ஒரு வயரைத் தொட்டேன். ராஜசேகரின் வாக்கியம் திரையில் பாதி ஓடியது. யாரும் பொத்தானைத் தொடவில்லை. கிளட்ச்சை இழுக்கிற ரிலே டக்கென்று அடித்தது. இன்னொரு முறை செய்தேன், இன்னொரு முறை அடித்தது.

பிரதாப்பின் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. முட்டாள் இல்லை, அதுதான் எரிச்சல். முப்பது எழுத்து என்று அவன் எண்ணியது ஆங்கில எழுத்தை. கம்ப்யூட்டர் ஆங்கில எழுத்துக்கு ஒரு இடம் எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்துக்கு மூன்று. அதிலும் 'கு' என்றால் நமக்கு ஒரு எழுத்து, அதற்கு எழுத்து தனி, கொம்பு தனி, மொத்தம் ஆறு. ராஜசேகரின் மரியாதையெல்லாம் சேர்ந்து, பிரதாப் விரித்த பாய் அறையை நிறைத்து, என் பொத்தான் செய்தியின் மேல் போய் விழுந்திருந்தது. இரண்டு கையும் பொத்தானில் இருப்பதாக சிப் நம்பிவிட்டது. அவளுடைய ஒரு கை அச்சுக்குள் இருந்தது.

ராஜசேகரைக் கூப்பிட்டேன். அவரும் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மனசு வலித்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வலித்தது கொஞ்ச நேரம்தான். பிறகு பிரதாப்பைப் பார்த்து என்ன செய்யலாம் என்று கேட்டார். தமிழை எடுத்துவிடலாம் என்றான் பிரதாப்.

நான் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். மெனுவிலிருந்து தமிழை எடுத்துவிட்டால் நீளமான செய்தி எதுவும் வராது, பிரச்சினை தீர்ந்தது, யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று விளக்கினான். தப்பு தமிழில் இல்லை, நீ நீளத்துக்கு உச்சம் வைக்காததில் இருக்கிறது என்று கத்தினேன். திருத்திய இரண்டு வரியும் அங்கேயே எழுதிக் காட்டினேன். டிரைவரைத் தொட்டால் எதற்காகத் தொட்டோம் என்று எல்லாக் கஸ்டமருக்கும் சொல்ல வேண்டிவரும் என்றான். தமிழ்ப் பற்றாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, தற்காலிகமாக எடுத்துவிடுவோம் என்றார். விசாரணைக்கு நான் வரத் தேவையில்லை என்றும் சொன்னார். அவர்களுக்குத் தெரியாமல் சென்னகிருஷ்ணனுக்குப் போன் செய்து, தப்பு பெட்டியில்தான், உங்கள் ஷெட்டில் ஓடுகிற எல்லாப் பெட்டியிலும் இதே கோளாறு இருக்கிறது, வெள்ளிக்கிழமை நானும் வர வேண்டும் என்று சொல்லிவைத்தேன். எங்கள் வேலையில் அதற்குப் பெயர் துரோகம். இருந்துவிட்டுப் போகட்டும்.

வெள்ளிக்கிழமை ஷெட்டில் அந்தப் பிரஸ்ஸுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். பிரதாப் தமிழை எடுத்துவிட்டுப் பெட்டியைத் திரும்ப அதில் மாட்டியிருந்தான்; மற்ற பிரஸ்களை நிறுத்தியிருந்தார்கள். சென்னகிருஷ்ணன் பாகலூர்க்காரர், பருத்த ஆள், என்னையும் நம்பவில்லை, அவர்களையும் நம்பவில்லை. முனிலட்சுமி தூணோரம் நின்றாள்; நாற்காலி அவளுக்குப் போடவில்லை. ராஜசேகர் என்னைப் பார்த்ததும், திங்கட்கிழமை என்னை வந்து பார் என்று மெல்லிய குரலில் சொன்னார். வேலை போயிற்று என்று அர்த்தம்.

நான் வந்துவிட்டதால் டேப் கதை செல்லாது என்று பிரதாப் புரிந்துகொண்டான். உடனே வேறு கதை எடுத்தான்.

"தமிழ்ங்கறது கூடுதலா குடுத்த வசதி சார். எங்க டெஸ்டிங் எல்லாம் இங்கிலீஷ்லதான். அவங்க இங்கிலீஷ்லயே வெச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. அவங்களா மாத்திக்கிட்டது. இப்ப தமிழ எடுத்தாச்சு, பெட்டி நூறு சதவீதம் சேஃப்."

டேப் ஒட்டியது குற்றம் என்றார்கள். அது போய் இப்போது படித்தது குற்றமாகிவிட்டது. முனிலட்சுமி கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்ச நிதானமும் போய்விட்டது.

எழுந்து போய்ப் பெட்டியின் சர்வீஸ் கீபோர்டை எடுத்தேன். ஷெட்காரர்கள் தங்களுக்கு வேண்டிய அறிவிப்பைத் தாங்களே அடித்துத் திரையில் போட்டுக்கொள்ள ஒரு வசதி உண்டு. டீ இடைவேளை, ஷிஃப்ட் மாற்றம் என்று போடுவார்கள். அதுவும் பிரதாப்பின் டிரைவர் வழியாகத்தான் போகும். எங்கள் விளம்பரத் தாளில் பாதுகாப்பைப் பற்றி ஒரு பெரிய பத்தி இருக்கிறது; உலகத்தரம், தொழிலாளர் நலன், இன்னும் என்னென்னவோ. அதை ஆங்கிலத்தில், ஒரு சொல் விடாமல் அடிக்க ஆரம்பித்தேன். அடித்துக்கொண்டே போனேன். என்ன செய்கிறாள் என்று சென்னகிருஷ்ணன் கேட்டார். பிரதாப் கேட்கவில்லை. அவன் உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தான்.

அடித்ததைத் திரைக்கு அனுப்புகிற கீபோர்டுப் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு திரும்பினேன்.

"இது இங்கிலீஷ்தான் பிரதாப். சேஃப்னு சொன்னீங்கல்ல, கைய உள்ள வெய்யுங்க."

ராஜசேகர் இது என்ன விளையாட்டு என்று எழுந்தார். சென்னகிருஷ்ணன் அவரைக் கையமர்த்தி உட்காரவைத்துவிட்டு, பிரதாப்பைப் பார்த்து, வையுங்களேன் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிரதாப், பாதுகாப்பு விதிப்படி அச்சுக்குள் கை வைக்கக் கூடாது என்றான். அவனுடைய இரண்டு கையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் போயிருந்தன. அவன் வைத்திருந்தால் நான் அந்தப் பொத்தானை அழுத்தியிருப்பேனா என்று பிறகு பலர் கேட்டார்கள். அழுத்தியிருக்க மாட்டேன். ஆனால் அவனுக்கு அது தெரியாது, தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

தூணோரத்திலிருந்து முனிலட்சுமியின் குரல் வந்தது.

"நானு தெனமும் வெச்சேனுங்க. தகடு வெக்கறதே அங்கதான்."

சென்னகிருஷ்ணன் ஒரு மரக்கட்டையை எடுத்து வரச் சொல்லி அச்சின் மேல் வைத்தார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். நான் கீபோர்டுப் பொத்தானை அழுத்தினேன். உலகத்தரம் என்பது வரைக்கும் திரையில் வந்தது. தலை இறங்கியது. கட்டை இரண்டாகப் பிளந்து ஒரு பாதி ராஜசேகரின் காலடியில் வந்து விழுந்தது.

சூப்பர்வைசரைத் தேடினோம். டேப் ஒட்டியதை வேறு மிஷினில் பார்த்ததாக இருக்கும் என்று முனகிவிட்டு வாசல் பக்கம் நகர்ந்திருந்தார். சென்னகிருஷ்ணன் ஷெட்டில் இருந்த அத்தனை பிரஸ்ஸுக்கும் மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ராஜசேகரின் முன்னால் போட்டார். இந்தப் பெண் மேல் தப்பு இல்லை என்று உங்கள் கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இங்கிருந்து போக வேண்டும், அவள் படிக்கிற மாதிரி தமிழில் எழுதுங்கள் என்றார்.

ராஜசேகர் பேனாவைத் திறந்தார். அவருக்குத் தமிழ் எழுதுவது ஒரு கஷ்டமே இல்லை. எதிர்பாராத சில தொழில்நுட்பச் சூழல்களின் காரணமாக நிகழ நேர்ந்த இவ்வருந்தத்தக்க நிகழ்வு குறித்து என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமலே பக்கத்தின் பாதிக்கு வந்துவிட்டார். எழுதியதை முனிலட்சுமியிடம் நீட்டினார். அவள் இடது கையால் வாங்கிக்கொண்டு, அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். இந்த முறை முழுதாகப் படித்தாள். பிறகு தாளைத் திரும்ப மேசையில் வைத்தாள்.

"இவ்ளோ நீளம் வேண்டாங்க. தப்பு எங்களுதுன்னு எளுதுங்க, போதும்."

ராஜசேகர் என்னைப் பார்த்தார், பிரதாப்பைப் பார்த்தார். பிரதாப் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராஜசேகர் தாளைத் திருப்பிப் போட்டு அந்த இரண்டு சொல்லை எழுதினார்.